பின்சக்கரத்தில் ஓயாத பஞ்சர்: ட்ரயல்ஸ் பழகும் ஒரு மாணவரின் சைக்கிள்

கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவரின் சைக்கிள் இது. அவருடைய எடை 68 கிலோ. வண்டி முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண எம்டிபி, அதாவது மவுன்டன் பைக். 26 அங்குலச் சக்கரம், 1.95 அங்குல டயர், கடையில் கிடைக்கும் சாதாரண ட்யூப், வண்டியின் எடை 14 கிலோ. ட்ரயல்ஸ் பழக ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குப் பின்சக்கரத்தில் பஞ்சர் ஓயவில்லை. முன்சக்கரம் எப்போதாவதுதான் படுத்தியது.

ட்ரயல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல், சைக்கிளோடு பாறை, திண்டு, மரக்கட்டை, சுவர் ஆகியவற்றின் மேல் ஏறி இறங்கும் விளையாட்டு. பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும் நின்றபடி துள்ளித் துள்ளித்தான் நகர்வார்கள். ஆளும் வண்டியும் சேர்ந்த மொத்த எடையும் ஒரே டயர் மேல், அதுவும் உயரத்திலிருந்து, பல நேரம் கூர்மையான முனை மேல் வந்து விழுகிறது. ஆகவே பழகும்போது பஞ்சர் ஆவது இயல்புதான். ஆனால் ஒவ்வொரு மாலையும் பழகுகிற நேரத்தில் பாதி ட்யூப் மாற்றுவதிலேயே போனால் கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த தாவலில் ட்யூப் போய்விடுமோ என்ற பயத்தில் உடம்பு இறுகும். இறுகிய உடம்போடு இறங்கினால் ட்யூப் நிச்சயம் போகும். இந்தச் சுழலில் சிக்கி விளையாட்டையே விட்டவர்கள் உண்டு. அதனால்தான் இந்த ஒரு வண்டியை நிதானமாக ஆராய்வது அவசியம் என்று பட்டது.

அவர் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடைக்காரர் சொன்னது ஒன்றுதான்: "காத்து பத்தலீங்க தம்பி. நல்லா டைட்டா வச்சு ஓட்டுங்க." சொன்னதில் தவறில்லை. ஆனால் காற்று பிரச்சினையில் ஒரு பாதிதான்.

ஓட்டைகளைப் படித்தல்

நல்லவேளையாக, பழைய ட்யூப்களை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, ஓட்டை இருந்த இடங்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டோம்.

ஆணியோ முள்ளோ குத்தினால் டயர் பக்கமாக ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருக்கும். டயரிலும் அதே இடத்தில் துளை தெரியும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. சில ட்யூப்களில் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தன. ரிம்மின் உள் அகலமும் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ ஒன்று. டயர் முழுவதும் நசுங்கி, திண்டின் முனைக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் நடுவே ட்யூப் சிக்கினால் இப்படித்தான் ஆகும். பின்ச் பஞ்சர் என்பது இதுதான்.

ஆனால் பெரும்பாலான ட்யூப்களில் இருந்தது வேறு மாதிரி. இடப்பக்கத்தில் மட்டும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னக் கீறல்கள். ரிம்மின் ஒரு பக்க விளிம்பு மட்டும் கடித்தால், ட்யூபின் இரண்டு சுவர்களும் சேர்ந்து நசுங்கி இப்படிக் கீறல் விழும். பஞ்சர் ஒட்டுபவர்கள் பல நேரம் ஒரு கீறலைக் கண்டதும் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். இவருக்கும் அது நடந்திருந்தது. ஒட்டி வாங்கிய மறுநாளே காற்று இறங்கியதைப் புதுப் பஞ்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்ச் பஞ்சர் என்றால் ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல், இரண்டாவது கிடைக்கும்வரை தேட வேண்டும்.

வேறு காரணங்களால் ஆனவற்றையும் பிரித்து வைத்தோம். டயர் லீவர் போட்டு மாட்டும்போது ட்யூபைக் கடித்துவிட்டாலும் இரட்டை ஓட்டை விழும். ஆனால் அது காற்றடித்த உடனே இறங்கிவிடும், திண்டுவரை போகாது. உள்பக்கம், அதாவது ஸ்போக் பக்கம் ஓட்டை இருந்தால் ரிம் டேப் விலகியிருக்கிறது என்று பொருள். இவருடைய ரிம்மில் டேப் சரியாகவே இருந்தது.

எந்த இடத்தில் அடிபட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழக்கம் உதவுகிறது. டயரில் பெயர் அச்சிட்ட இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுவது. அப்படி மாட்டினால், ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் இருக்கிறதோ, டயரிலும் ரிம்மிலும் அந்த இடத்தை நேராகப் போய்ப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது ரிம்மின் இட விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் லேசான சொட்டை தெரிந்தது. ஓர் இடத்தில் விளிம்பு பிசிறடித்துக் கூராகவே இருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினோம். அந்தக் கூர் அப்படியே இருந்தால் அடுத்த கடியில் ட்யூப் இன்னும் சுலபமாக அறுபடும்.

இடப்பக்கம் மட்டும் ஏன்? அவர் சைடு ஹாப் பழகுவது எப்போதும் இடது பக்கமாகத்தான். அதாவது திண்டுக்குப் பக்கவாட்டில் நின்று, இடப்புறம் தாவி மேலே ஏறுவது. இரட்டை ஓட்டைகள் இறக்கத்தில் வந்தவை, இடப்பக்கக் கீறல்கள் ஏற்றத்தில் வந்தவை. பஞ்சருக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருப்பது இங்கேதான் தெளிவானது.

காற்று எவ்வளவு இருந்தது

அவர் காற்றைக் கட்டைவிரலால் அமுக்கித்தான் பார்ப்பார். காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தபோது பின்சக்கரத்தில் 17 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). "ட்ரயல்ஸ்னா காத்து கம்மியா வைக்கணும்னு சொன்னாங்கண்ணா" என்றார். அவர் கேட்டது உண்மைதான். ஆனால் அது வேறு டயருக்கான உண்மை.

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. சைக்கிள் ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸிலிருந்து வந்தது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் மொன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இருந்த பெரே பி, தன் மகன் ஓட் பி பழகுவதற்காகச் சைக்கிளை மாற்றியமைத்ததிலிருந்து அது வளர்ந்தது. சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் ட்ரயல்ஸ் உலக சாம்பியன்ஷிப் 1986 முதல் நடக்கிறது. பாறையைப் பிடித்துக்கொள்ள டயர் மிருதுவாக இருக்க வேண்டும் என்ற பாடம் மோட்டார் சைக்கிளிலிருந்தே வந்தது. ஆனால் அதோடு சேர்த்து டயரையும் ரிம்மையும் மாற்றினார்கள். போட்டிக்கான 20 அங்குல ட்ரயல்ஸ் சைக்கிளில் முன்சக்கரம்தான் 20. பின்சக்கரத்தின் ரிம் ஓர் அங்குலம் சிறியது. 19 அங்குல ரிம்மில் 2.5 அங்குல அகலமுள்ள கனத்த டயரை மாட்டுகிறார்கள். ரிம் சிறுத்த இடத்தையெல்லாம் டயர் எடுத்துக்கொள்கிறது. 26 அங்குல வகையிலும் பின் டயர் 2.5 அங்குலம்தான், ரிம்மும் 40 மில்லிமீட்டரைத் தாண்டும் அகலம். ரிம்முக்கும் பாறைக்கும் நடுவே அவ்வளவு காற்று இருப்பதால்தான் அவர்கள் குறைந்த அழுத்தத்தில் ஓட்ட முடிகிறது. நம் மாணவர் எடுத்துக்கொண்டது அந்த அழுத்தத்தை மட்டும். டயர் 1.95 அங்குலம், ரிம்மின் உள் அகலம் 19 மில்லிமீட்டர்.

ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் டானி மெக்அஸ்கில் போன்றவர்கள் நகரத்துச் சுவர்களில் செய்வதையும் அவர் நிறையப் பார்த்திருந்தார். அது 24 அங்குலச் சக்கரத்தில் ஓட்டும் ஸ்ட்ரீட் ட்ரயல்ஸ். வேகமாக வந்து தாவுவதும் உருண்டு இறங்குவதும் அதில் அதிகம், டயரில் காற்றும் கூடுதலாகவே வைப்பார்கள். இரண்டையும் கலந்து ஒரே எண்ணைத் தேடக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தோம். 60 சென்டிமீட்டர் உயரத் திண்டிலிருந்து பின்சக்கரத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் 82 கிலோ. இறங்கும்போது முழங்காலை மடக்கி 30 சென்டிமீட்டரில் உடம்பை நிறுத்தினால், தரை தாங்க வேண்டிய சராசரி விசை எடையைப்போல் மூன்று மடங்கு, சுமார் 246 கிலோ. காலை விறைப்பாக வைத்து 8 சென்டிமீட்டரில் நின்றால் எட்டு மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 700 கிலோ. 17 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ. நன்றாக மடங்கி இறங்கினால்கூட அந்த 246 கிலோவைத் தாங்க 200 சதுர சென்டிமீட்டருக்கு மேல் டயர் தரையில் படிய வேண்டும். 5 சென்டிமீட்டர் அகல டயரில் அதற்கு 40 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். நடக்கவே நடக்காது. அதற்கு முன்பே ரிம் தரையைத் தொட்டுவிடும். அதாவது அந்தக் காற்றில், அந்த டயரில், எவ்வளவு அழகாக இறங்கினாலும் ட்யூப் கடிபடும். இது தோராயக் கணக்குதான். டயரின் சுவருக்கும் கொஞ்சம் வலு உண்டு. ஆனாலும் முடிவு மாறாது.

சரி, கடைக்காரர் சொன்னபடி டைட்டாக வைத்தால்? அதையும் அவர் முன்பே செய்து பார்த்திருந்தார். 55 பிஎஸ்ஐ அளவில் அடித்தபோது பஞ்சர் குறைந்தது. ஆனால் பின்சக்கரத்தில் நின்று துள்ளினால் டயர் பந்து எகிறுவதாக எகிறி, நிற்க முடியவில்லை. திண்டின் முனையில் பிடிப்பு இல்லாமல் வழுக்கி, கணுக்காலில் பெடல் அடித்தது. பழகுகிற ஒருவருக்கு அது ஆபத்து. பஞ்சரைத் தவிர்க்க உடம்பைப் பணயம் வைக்கிற ஏற்பாட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேஜ் பற்றி ஒரு வார்த்தை. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்பில் 20, 25 என்ற அளவை நம்ப முடியாது. முள் அந்தப் பகுதியில் சரியாக நகராது. 30 அல்லது 60 வரை மட்டும் காட்டும் சிறிய கேஜ் தனியாக வாங்க வேண்டும். இந்த விளையாட்டில் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் உடனே தெரியும். பழைய வகை சைக்கிள் வால்வு, உள்ளே வால்வு ட்யூப் போட்டிருக்குமே, அதில் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கேஜால் சரியாகப் பார்க்க முடியாது. அந்த வகை ட்யூப் இருந்தால் முதலில் மோட்டார் வண்டி வால்வு உள்ள ட்யூபுக்கு மாறுவது நல்லது. இவருடையது அந்த வால்வுதான், ஆகவே சிரமம் இல்லை.

சாக்பீஸ் காட்டியது

35 பிஎஸ்ஐக்கு ஏற்றியபின் சமதரையில் இறங்கும்போது பஞ்சர் நின்றது. ஆனால் இடப்பக்கக் கீறல் மட்டும் தொடர்ந்தது. காற்றை வைத்து இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. சமதரையில் டயர் ஒரு சாண் நீளத்துக்குப் படிந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கான்கிரீட் திண்டின் முனையிலோ பாரம் முழுவதும் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இறங்குகிறது. அங்கே எந்தக் காற்றும் போதாது.

எனவே டயர் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. திண்டின் முனையில் சாக்பீஸைக் கனமாகத் தேய்த்தோம். ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் டயரில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் துடைத்தோம். கூடவே போனில் ஸ்லோ மோஷன் எடுத்தோம்.

வெள்ளை ஒட்டியது தரையைப் பிடிக்கும் ரப்பர் பொத்தான்கள் இருக்கும் நடுப்பகுதியில் இல்லை. இடப்பக்கச் சுவரில், ரிம்முக்குக் கிட்டத்தில். காரணம் வீடியோவில் தெரிந்தது. அவர் நன்றாகவே குதிக்கிறார். ஹேண்டில்பார் திண்டுக்கு மேலே போகிறது. ஆனால் சைக்கிள் மேலே போகும்போதே பக்கவாட்டிலும் நகர்ந்துவிடுகிறது. பின்சக்கரம் தேவையான உயரத்தை எட்டும் முன்பே திண்டை நோக்கிப் போய் முனையில் இடிக்கிறது. அந்தக் கணத்தில் அவர் கால்கள் பெடல் மேல் நீட்டி நிற்கின்றன. முழு எடையும் அங்கே இறங்குகிறது.

சைடு ஹாப்பில் முதலில் நேராக மேலே எழும்ப வேண்டும். உச்சியில் முழங்காலை மார்பை நோக்கி இழுத்துக்கொண்டால், பெடலின் மேல் எடையே இல்லாமல் சைக்கிள் கூட வரும். அதன்பிறகுதான் பக்கவாட்டில் தள்ளுவது. டயர் திண்டின் மேற்பரப்பில் மேலிருந்து வந்து உட்கார வேண்டும், முனையிலிருந்து ஒரு கையகலம் உள்ளே. முனையில் பட்டாலும், கால் மடங்கியிருந்தால் டயர் தட்டிவிட்டு மேலேறிவிடும், ரிம்வரை நசுங்காது.

இதைச் சொல்வது எளிது, உடம்பு கேட்பதற்கு நாளாகும். அதுவரை ட்யூப் தப்பிக்க வேண்டுமே. அதற்காக 60 சென்டிமீட்டர் திண்டை விட்டுவிட்டு, சரக்கு அடுக்கப் பயன்படும் மரத்தட்டான பேலட் ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்கி, சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் பழகச் சொன்னேன். பேலட்டின் ஓரச் சட்டத்தை அரத்தால் உருட்டிவிட்டோம். மரம் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், முனையும் மழுங்கல். தப்பாகப் பட்டாலும் ட்யூப் பிழைக்கும். பழைய கார் டயரைத் திண்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தாலும் இதே பயன். கூர்மையான கான்கிரீட் முனை கடைசியில் பழக வேண்டியது. ஆனால் நம் ஊரில் எங்கும் கிடைப்பது நடைபாதைத் திண்டுதான் என்பதால் எல்லோரும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பஞ்சருக்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உருண்ட பாறைகள் பக்கத்தில் இருந்தால் அவை இன்னும் நல்லவை.

இறக்கத்தில் செய்த திருத்தம் சிறியது. விளிம்பிலிருந்து அப்படியே விழாமல், ஒரு பெடல் கிக் (பெடலைச் சட்டென்று அரைச்சுற்று மிதித்து முன்னே துள்ளுவது) கொடுத்து வெளியே வந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பின்சக்கரத்தை முதலில் தரையில் வைப்பது. சக்கரம் தொட்ட பிறகு முழங்காலை விடுவிடுவென்று மடங்க விடுவது. அவர் தொடும் முன்பே மடக்கிவிட்டுக் காத்திருந்தார். தொடும்போது மடக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த 8 சென்டிமீட்டர் கணக்கு அதனால் வந்தது.

வாங்கியவை, வாங்க வேண்டாம் என்று விட்டவை

முதல் செலவு கேஜ். இரண்டாவது பின் டயர். ட்யூபைக் கனமாக்கலாமா என்று அவர் கேட்டார். நான் டயரைத்தான் முதலில் மாற்றச் சொன்னேன். மலைச்சரிவில் வேகமாக இறங்கும் சைக்கிள்களுக்கான கனத்த டவுன்ஹில் ட்யூப் சாதாரண ட்யூபைவிட நன்றாகவே தடிமனாக இருக்கும், அறுபடுவதற்கு அதிக அடி தேவைப்படும். ஆனால் ரிம் தரையைத் தொடுவதை அது தடுக்காது. ட்யூப் பிழைக்கும், ரிம் சொட்டையாகிக்கொண்டே போகும். பஞ்சர் ஆகாததால் ரிம் கெடுவதும் தெரியாது. பெரிய டயர் அந்த அடியையே தடுக்கிறது. டயர் அமுங்கும் ஆழம் கூடும்போது தரையில் படியும் பரப்பும் சேர்ந்து கூடுவதால், ஆழம் கால்வாசி கூடினால் அது வாங்கிக்கொள்ளும் ஆற்றல் பாதிக்கு மேல் கூடுகிறது.

அவருடைய ஃபிரேமில் 2.5 அங்குல டயர் நுழையாது, பின்சக்கரத்தின் இருபுறமும் போகும் ஃபிரேம் குழாயில் (செயின்ஸ்டே) உரசும். 2.35 அங்குலம், தடித்த சுவருள்ள டயர் பொருந்தியது. வாங்கும் முன் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இருபுறமும் சில மில்லிமீட்டராவது இடைவெளி இருக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். பெரிய டயர் வந்தபின் காற்றை 35-லிருந்து படிப்படியாக 2 பிஎஸ்ஐ வீதம் குறைத்தோம். ஒவ்வொரு முறையும் தாழ்ந்த பேலட்டில் ஏறி இறங்கிப் பார்ப்பது, ரிம் தொடும் 'டக்' சத்தம் கேட்டதும் நிறுத்தி 3 பிஎஸ்ஐ ஏற்றுவது. அவருக்குப் பின்னால் 28, முன்னால் 26 என்று நின்றது. இந்த எண் அவருடைய எடைக்கும் அந்த டயருக்கும் மட்டும் உரியது. வேறொருவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் அவரும் 17 பிஎஸ்ஐ கதைக்குத்தான் போவார். எண்ணை விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடித்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கனத்த ட்யூபைக் கடைசியில், பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டார். மாட்டும்போது பவுடர் தூவினோம். ட்யூப் டயரில் ஒட்டாமல், மடிப்பில்லாமல் உட்கார அது உதவும், பின்ச் பஞ்சரைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ட்யூபுக்குள் ஊற்றும் சீலன்ட் வேண்டாம் என்று விட்டோம். முள் குத்திய புள்ளியை அது அடைக்கும், நசுங்கிய கீறலை நம்பிக்கையாக அடைக்காது. ட்யூப்லெஸ் இந்த ரிம்முக்குப் பொருந்தாது. ட்ரயல்ஸுக்கென்றே வரும் ரிம்களும் எடை குறைக்கப் பெரிய துளைகள் போட்ட ஒற்றைச் சுவர் ரிம்கள் என்பதால், போட்டியாளர்களே பெரும்பாலும் ட்யூபோடுதான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் வந்த வேறு பஞ்சர்

இவ்வளவும் செய்தபின் பின்ச் பஞ்சர் அரிதாகிவிட்டது. ஆனால் சில வாரங்களில் புதிதாக ஒன்று வந்தது. ட்யூப் வால்வின் அடியில் கிழிந்தது. காற்று குறைவாக இருக்க, பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் துள்ளும்போது, டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டு நகர்கிறது. ட்யூபும் கூடவே இழுபடுகிறது. வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு சாய்கிறது. கடைசியில் அடிப்பகுதி கிழியும். இதை ஒட்ட முடியாது, ட்யூபையே மாற்ற வேண்டும்.

வால்வில் நட் இருந்தால் அதை இறுக்காமல் விடுவது இதற்கு வழி. இறுக்கினால் சாய்வது தெரியாது, கிழிவது மட்டும் தெரியும். ஓட்டப் போகும் முன் வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்து, சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி டயரைக் கையால் திருப்பி நேராக்கிக்கொள்ளலாம். டயரின் பெயர் வால்வுக்கு நேராக இருக்கும்படி மாட்டியிருப்பதால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இன்னும் மிச்சம் இருப்பது வலப்பக்க சைடு ஹாப். அதை இப்போதுதான் பேலட்டில் தொடங்கியிருக்கிறார். முதல் சில தாவல்களிலேயே சாக்பீஸ் டயரின் வலப்பக்கச் சுவரில், பழைய இடத்துக்கு நேரெதிரே ஒட்டியிருந்தது. இந்த முறை ட்யூப் போகவில்லை. முழங்கால் இழுப்பு அந்தப் பக்கமும் பழகும்வரை கான்கிரீட் திண்டுக்கு அவர் போக வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.